மூன்றாம் அச்சு

லேசர் பூட்டிய வண்டி வாங்க
எங்கள் சாலைத்துறையின் ஐந்து வருடப் பணமும் போதாது.
ஆகவே என் பழைய போன்.
திரையில் கீறல், பேட்டரி உப்பல்.
தோக்தோசுன் ஓட்டும் வேனில், கியருக்குப் பக்கத்தில்,
மல்லாக்கப் படுக்கவைத்து
மரச்சட்டம் அடித்து இரண்டு சுற்று டேப்.
அசையக் கூடாது.
அசைந்தால் சாலையை விட்டுவிட்டுத் தன்னையே அளக்கும்,
எங்கள் மேலதிகாரியைப் போல.

நொடிக்கு நூறு முறை அது கேட்கும்:
மேலேயா? கீழேயா? எவ்வளவு?

முதல் நாள் பன்னிரண்டு பயணிகள், ஆறு மாவு மூட்டை,
யாரோ மடியில் ஒரு தட்டு முட்டை.
நாரினை விட்டு ஏறினால்
உறைபனி பிளந்த தார், லாரி தின்ற ஓரம்.
மாலையில் வரைபடத்தை விரித்தேன்.
காற்றில்லாத ஏரி மாதிரி ஒரு கோடு.
நேற்றுப் போட்ட சாலையாம்!

"பதினேழு வருஷமாக ஓட்டுகிறேன், ஐசிரெக்.
பள்ளத்தில் விடுவதற்கா?"

உண்மைதான். ஒரு சக்கரம் ஜல்லியில், ஒன்று தாரில்,
எதிரே வண்டி இல்லாதபோது எதிர்ப்பக்கத்தில்.
போன் அளந்தது அவர் கைகளை.

மறுநாள் இரவு. வேன் காலி.
டயர்க் காற்றை நானே பார்த்தேன்.
அறுபதில், நேராக.
"ஷாக் அப்சார்பருக்கு யார் காசு?"
படிவத்தின் பின்புறம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

முதல் பள்ளம் வருமுன்பே அவர் தோள் சுருங்கியது.
ஸ்டியரிங் தானாக இடப்பக்கம் போனது, இழுத்து நிறுத்தினார்.
"தெரிந்தவன் மேல் வண்டி ஏற்றுகிற மாதிரி இருக்கிறது."
பதினோராவது கிலோமீட்டரில் ஃப்ளாஸ்க் பறந்தது.
கோடு ரம்பமானது.
எனக்குச் சந்தோஷம். சொல்லவில்லை.

நாற்பத்தொன்றில் வேகம் சரிந்தது.
முப்பது. பதினெட்டு.
இருபதுக்குக் கீழே போனால்
அந்த வரியைக் கணக்கு தள்ளிவிடும்.
தார் வழவழவென்று கிடந்தது, விளக்கு வெளிச்சத்தில்.
"இங்கே ஏன்?"
அவருக்கும் தெரியவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.
"இங்கேதான் என் ஆக்ஸில் முறிந்தது.
மூன்று கோடைக்கு முன்னால் நீங்கள்தான் மூடினீர்கள்.
காலுக்கு இன்னும் சேதி போகவில்லை."

படிவத்தில் கிலோமீட்டர், வேகம், கரடு என்று மூன்றே கட்டம்.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
சமதளம். ஓட்டுநர் மெதுவாகச் செல்கிறார்.
மேலே அனுப்பினால் அழித்துவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் பார்த்தேன்,
கோட்டுப் பையில் போன் அணையாமல்
நான் நான்கு மாடி ஏறியதையும் அளந்திருந்தது.
எழுபத்திரண்டு படி, எழுபத்திரண்டு பல்.
இரண்டாம் மாடித் திருப்பத்தில்
ஆறு நொடி தட்டை.

அங்கே படி ஒன்றும் உடைந்திருக்கவில்லை.
நான் எதற்கு நின்றேன்?