ஐம்பத்தெட்டு பன்னா

வள்ளியூர்க் கடையில்
"திரைச்சீலைக்கா?" என்றார்கள்.
ஆமென்று சொல்லிவிட்டேன்.
முப்பத்தெட்டு வயதில் எனக்கே எனக்கு,
குடைபோல் விரியும் முழுவட்டப் பாவாடை என்று
அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்ல.
கத்தரிப்பூ நிறம். ஐம்பத்தெட்டு பன்னா.
ஒன்றே முக்கால் மீட்டர்.

முதலில் இடுப்பு.
மூச்சை இழுத்துப் பிடித்தால் இருபத்தொன்பது.
விட்டால் முப்பத்தொன்று.
என் கௌரவத்துக்கும் மத்தியானச் சோற்றுக்கும் நடுவே
டேப்பில் இரண்டு அங்குலம்.
முப்பத்தொன்றையே எழுதினேன்.
கரண்ட் பில்லின் முதுகில்
ஏழால் பெருக்கி, நாற்பத்துநாலால் வகுத்தால்
ஐந்துக்கு அரை நூல் குறைவு.
சாண்கூட வராத ஓர் ஆரம்.
நான் சுற்றளவு என்று பயந்துகொண்டிருந்தது
இவ்வளவுதானா?

பழவூர் காற்றாலை ஆபீசில்
தினம் நான் எழுதுவதெல்லாம் பெரிய வட்டம்.
எண்பது மீட்டர் விட்டம், ஓடிய மணி, நின்ற மணி, யூனிட்.
ஒரு நாளும் கை தவறியதில்லை.
இங்கே ஐந்து அங்குலத்துக்கு
சாக்பீஸ் நடுங்குகிறது.

ஆனி மாதம்.
பணகுடியில் ஜன்னலைச் சாத்தினால்
காற்று கதவடியில் வரும்.
முதலில் பேப்பரில் வரைவோம் என்று விரித்தேன்.
பேப்பர் எழுந்து நின்றது.
ஒரு மூலைக்கு இஸ்திரிப்பெட்டி,
ஒன்றுக்கு மிளகாய்த்தூள் டப்பா,
ஒன்றுக்கு சூசையின் இருபத்துநாலாம் நம்பர் ஸ்பேனர்,
நாலாவதற்கு என் இடது முட்டி.

ஷிப்ட் முடிந்து வந்தவர் வாசலிலேயே நின்றார்.
"என்னட்டி, வீட்டுக்குள்ள பந்தல் போடுத?"
"மிதிச்சிராதிய."
சுவரோடு ஒட்டி நடந்து அடுக்களைக்குப் போனார்.

துணியை இரண்டாய் மடித்து, மறுபடி நாலாய்.
மடிப்பு மட்டுமே சேரும் மூலை ஒன்றுதான் உண்டு,
மற்ற மூன்றும் அதே முகத்தோடு கிடக்கும்.
வளைவு வரைந்து, கத்தரியைத் திறந்து,
வாயில் துணியை வைத்தும் விட்டேன்.
"ஊறுகா எங்க வச்சிருக்க?"
எழுந்து போய் எடுத்துக் கொடுத்துவிட்டு
எதிர்ப்பக்கமாக வந்து உட்கார்ந்ததில் தெரிந்தது
நான் வரைந்த மூலையில் நாலு ஓரம்
தனித்தனியாகப் படபடத்தது.
வெட்டியிருந்தால்
நாலு மூலையும் எலி தின்ற மேஜைவிரிப்பு.
அவரிடம் சொல்லவில்லை. சொன்னால்
ஊறுகாயைப் பற்றி இனி பேச முடியாது.

சரியான மூலை.
டேப்பின் நுனியைக் கட்டைவிரலால் அமுக்கி
அங்குலத்துக்கொரு புள்ளி.
புள்ளிகளைச் சேர்த்தால் வட்டம் வருமாம்.
எனக்குப் பனங்கொட்டை வந்தது.
ஈரத்துணியால் துடைத்தேன், காய விட்டேன்,
மறுபடி புள்ளி.
தையலுக்கென்று கால் அங்குலம் உள்ளே தள்ளி வெட்டச் சொல்கிறது கணக்கு.
தள்ளினால் வருவது
ஏறக்குறைய அந்த இருபத்தொன்பது.
நான் விட்ட மூச்சு
வேறு வழியாக வந்து நின்றது.

காய்ந்த ஓலையில் ஓணான் ஓடுகிற சத்தத்தில்
நாலு மடிப்பும் ஒன்றாய் அறுபட்டன.
விரித்தேன்.
கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே
கத்தரிப்பூ நிறத்தில் ஒரு குளம்.
நடுவில் கழன்ற சின்ன வட்டத்தை
சூசை உச்சந்தலையில் வைத்துக்கொண்டு
ஆயரைப்போல் எனக்கு ஆசீர்வாதம் கொடுத்தார்.
ஊறுகாய் வாசனை அடித்தது.

உடனே ஓரம் மடிக்கக்கூடாது.
இடுப்புப் பட்டியை மட்டும் வைத்து
ஒரு ராத்திரி கொடியில் தொங்க வேண்டும்.
நேர் இழை அப்படியே நிற்கும்,
குறுக்கிழை தன் பாரத்துக்கு இறங்கும்.
காலையில் பார்த்தால் வட்டத்தைக் காணோம்.
நாலு இடத்தில் ஓர் அங்குலம் கீழே.
இதற்கா அவ்வளவு வகுத்தல்.

இனிக் கணக்கு இல்லை,
தரையிலிருந்து அளக்க வேண்டியதுதான்.
சுடிதார் பேண்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு
அறை நடுவில் நின்றேன்.
ஸ்கேலும் சாக்பீஸுமாக அவர் மண்டியிட்டார்.
"ஆடாத."
"நான் ஆடல."
"கதவு?"
"சாத்தியாச்சு."
கதவடியில் நுழைந்தது
பாவாடைக்குள்ளும் நுழைந்து
ஓரத்தை அவர் மூக்குவரைக்கும் தூக்கியது.
அவர் ஸ்கேலைப் பிடித்தபடி,
நான் கையை அகட்டியபடி,
ஆபீஸுக்கு நேரமாகிக்கொண்டிருக்க,
காற்று கீழே உட்காரட்டும் என்று
நின்றோம்.