மைனஸ் இரண்டு தசம் ஆறு

மரிசெல் என் பெயரை இரண்டு தரம் வாசித்துப் பார்த்தாள்.
பேரின்பநாயகம்.
பிறகு "மிஸ்டர் பெரின்" என்றாள்.
சுவரோடு நிறுத்தித் தலையில் ஒரு பலகையை இறக்கி
"மூன்றரை சென்ரிமீற்றர் குறைந்துவிட்டீர்கள்" என்றாள்.
எனக்கு அது பெயரிலேயே தெரிந்திருந்தது.

கார்த்திகையில்,
சார்ஜன்ட் அவென்யூ பஸ் தரிப்பில்,
பால் பையோடு சறுக்கி இருந்த மாதிரி விழுந்தேன்.
அவ்வளவுதான்.
மணிக்கட்டு முறிந்தது. பால் சிந்தவில்லை.
"நிற்கிற உயரத்திலிருந்து விழுந்தால்
எலும்பு முறியக்கூடாது" என்றார் டொக்டர்.
விழுந்ததை மன்னித்துவிட்டார்.
முறிந்ததைத்தான் விடுவதாயில்லை.

ஆம்பிளைக்கும் வருமோ இது?
வரும்.
நீங்கள்தான் கேட்க வரமாட்டீர்கள்.

படிவம் தந்தார்கள்.
புகை: எண்பத்தொன்பதில் விட்டது.
குடி: மருமகன் வந்தால் மட்டும்.
ஸ்டீராய்ட்: ஓம், இழுப்புக்கு.
ஜன்னல் கொம்பனியில் இருபது வருசத் தூசி.
தாயோ தகப்பனோ இடுப்பெலும்பு முறிந்தவர்களா?
ஓம் என்று கீறினேன்.
எப்படி முறிந்தது என்று எழுத அதில் இடமில்லை.
பேனாவைக் கொஞ்சநேரம் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தேன்.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு மல்லாந்து படுத்தேன்.
காலுக்கடியில் நுரைப்பெட்டி.
மேலே ஒரு கை ஊர்ந்து போனது,
சூடில்லாத அயன் பெட்டி மாதிரி.
அசையாதீர்கள் என்றாள்.
அசையாமல் கிடப்பது எனக்கு வரும்.

மைனஸ் இரண்டு தசம் ஆறு.

வின்னிபெக்கில் அது நல்ல நாள்.
கோட்டைத் திறந்துவிட்டு நடப்பார்கள்,
பெடியன்கள் அரைக்காற்சட்டை போடுவார்கள்.
சிரித்தேன்.
டொக்டர் சிரிக்கவில்லை.
"முப்பது வயது ஆளின் எலும்போடு
ஒப்பிட்டுப் பார்க்கிற கணக்கு இது."

முப்பது வயது.
எனக்கு அது எண்பத்து மூன்று.
ஆடி மாதம், வெள்ளவத்தை,
பறங்கி வீடொன்றின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
மூன்று நாள்
முழங்கால் நாடியில் முட்டக் கிடந்தவன்.
அவனையா அளவுகோலாக நிறுத்தினீர்கள்?
நல்ல எலும்புதான்.
மதிலேறிக் குதித்தான்,
நிற்கிற உயரத்தைப்போல் இரண்டு மடங்கு.
ஒன்றும் முறியவில்லை.

அடுத்த பத்து வருசத்தில்
இன்னொரு எலும்பு முறிய
நூற்றுக்கு இருபத்திரண்டு வீதம் என்று
ஒரு தாளில் எழுதித் தந்தார்.
பத்து வருசம் என்று
எனக்கு ஒருவர் எழுத்தில் தந்தது
இதுதான் முதல் தரம்.
தாளை மடிக்காமல் கொண்டுவந்தேன்.

குளியலறையில் ஒரு கைபிடி பூட்டியாயிற்று.
குசினி வாசல் பாயை எடுத்துவிட்டேன்.
திங்கட்கிழமைகளில் ஒரு குளிசை,
ஒரு கிளாஸ் வெறும் தண்ணீர்,
பிறகு அரைமணி நேரம்
படுக்கக்கூடாது, குனியக்கூடாது.

ஜன்னலடியில் நிற்கிறேன்.
எங்கள் கொம்பனி ஜன்னல்,
கீழ் மூலையில் இலேசாகக் காற்று வரும்,
அது யார் பிழை என்று எனக்குத் தெரியும்.
ரேடியோ மைனஸ் இருபத்தாறு என்கிறது.
வழியில் எங்கேயோ
புள்ளி சறுக்கி விழுந்துவிட்டது போல.

பக்கத்து வீட்டு டுவெயின்
தன் படிக்கு மணல் தூவிவிட்டு
கேளாமலே என் படிக்கும் தூவுகிறான்.
கண்ணாடியில் தட்டிக் கை காட்டுகிறேன்.
அவனுக்குக் கேட்கவில்லை.

இன்னும் பதினொரு நிமிடம்.