ஈயக்குண்டில் ஒட்டியது

ஈயக்குண்டின் அடியில் ஒரு குழி.
அதில் ஆட்டுக்கொழுப்பை அப்பி
கயிற்றோடு நீரில் விடுவேன்.
கயிறு ஆழத்தைச் சொல்லும்.
கொழுப்பு, கீழே கிடப்பதைச் சொல்லும்.
துபாய்க் கழியில் இருபத்தாறு வருடம்
இதற்குத்தான் கூலி வாங்கினேன்.
பெயர் ஷாதாத். பலூச்சி.
எழுதத் தெரியாது, முடிச்சு எண்ணுவேன்.

கழி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள்.
பாலைக்குள் கடல் நீட்டிய நாக்கு;
தெற்கே வளைந்து, அகன்று,
பூநாரைகளின் கால் நனையும் சேற்றில் தீர்ந்துவிடும்.
அதன் தலையில் ஆறு இல்லை.
உள்ளிருந்து தள்ள யாரும் இல்லாததால்
வாயில் விழுந்த மணல் வாயிலேயே கிடக்கும்.
இந்தக் கரை தேரா, அந்தக் கரை பர் துபாய்.
வற்றத்தின்போது ஒரு மீன்காரி
கூடை நனையாமல்
நடந்தே கரை மாறினாள்.
அன்றைக்கு வெளியே, ஆழ்நீரில்,
பம்பாய்க் கப்பல் நங்கூரம் பாய்ச்சி
படகுகளுக்காக நான்கு நாள் காத்துக்கிடந்தது.

எதிர்க்கரை லெங்காவில் சுங்கம் ஏறியது.
இங்கே ஏறவில்லை.
சரித்திரம் என்று கேட்டால் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
நான் பிறக்குமுன்பே வந்துவிட்டார்கள் அந்த வியாபாரிகள்,
தராசோடு, பெண்டுபிள்ளைகளோடு.
வீட்டைத் தூக்கிவர முடியாதவர்கள்
காற்றைத் தூக்கிவந்தார்கள்:
பவளக்கல்லும் சுண்ணாம்புமாய் நாலுபக்கம் திறந்த கோபுரங்கள்.
கோடை மதியத்தில் அவற்றின் அடியில்
கணக்குப்பிள்ளைகள் வாய் திறந்து தூங்குவார்கள்.

நான் குண்டைத் தொட்ட வருடம்
முத்து செத்துப்போயிருந்தது.
ஜப்பான்காரன் சிப்பிக்குள் விரல் விட்டுவிட்டான் என்றார்கள்.
மத்தர் பின் சைஃப்
முத்துச் சல்லடையில் ஏலக்காய் சலித்து விற்றார்.
பெரிய ஓட்டைச் சல்லடை, சின்ன ஓட்டைச் சல்லடை,
முதல்தரம், இரண்டாம்தரம்.
முகத்தில் ஒன்றும் காட்டவில்லை மனிதர்.
பிறகு துணி, பிறகு அரிசி,
பிறகு இரவில் கிளம்பும் படகுகளில்
சின்னதாய், கனமாய் ஏதோ.
படகு எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்ப்பது என் தொழில்.
எதனால் என்று கேட்பது இல்லை.

வாசலில் ஒன்றரைப் பாகம்.
அடுத்த வருடம் ஒன்றேகால்.
பிறகு ஒன்று.
நான் எண்ணைச் சொல்லச் சொல்ல
பெரிய வீடுகளில் காப்பிக் கோப்பைகள் ஆறின.
கடன் வாங்கினார்கள், கையிருப்பைத் திரட்டினார்கள்.
ஒரு நாள் வந்து நின்றது
தூர்வாரும் இயந்திரம்,
ஏப்பம் விடும் இரும்பு ஒட்டகம்.
மாதக்கணக்கில் கழியின் தொண்டையைச் சுரண்டி
குழாய் வழியே கரையில் கக்கியது.

அந்த மணல் காய்ந்தது.
சமமானது. கோடு போட்டார்கள்.
நான் பாகத்தில் அளந்ததை
முழத்தில் விற்றார்கள்!

சிரித்தேன், கோபப்பட்டேன்,
பிறகு நானும் ஒரு துண்டு வாங்கினேன்.
இப்போது சுங்கத்துறையில் காவலாளி.
ஆழம் கூடிய நாளிலிருந்து
கலங்கள் ஓதத்துக்குக் காத்திருப்பதில்லை,
எனக்கும் மதியத் தூக்கம் இல்லை.

வீட்டுத் தரையில் தினமும் முளைக்கிறது
சிப்பி ஓடு, மீன்முள், கயிற்றுத் துணுக்கு.
ஒருமுறை ஒரு வெண்கலப் பொத்தான்.
ஸர்பானு பெருக்கிக்கொண்டே திட்டுகிறாள்:
"இருபத்தாறு வருடம் இதன்மேல்தானே மிதந்தாய்,
அப்போதே பொறுக்கியிருக்கக்கூடாதா?"