நாற்பத்தொன்றாம் கட்டை

கோமாரிக்கு மேற்கே
ஆறு கிலோமீற்றர் மின்வேலி.
வெயில் ஏறுமுன் அதை நடந்து முடிப்பது
என் சம்பளம்.
கையில் சோதனைக் கருவி,
கம்பியில் ஏறிய கொடியை வெட்ட ஒரு கத்தி,
போத்தலில் பிளேன்ரீ.

சொடுக், சொடுக் என்று
கம்பிக்குள் ஒரு துடிப்பு ஓடும்.
எனக்கு அது மணிக்கூடு.
மறுபக்கம் நிற்பவருக்கு அது என்னவென்று
பதினொரு மாதமாக யோசிக்கிறேன்.

கிழக்கே கடல் வெளுக்கும்.
மேற்கே பாறைகள், படுத்த யானைகள் போல என்பார்கள்.
எனக்கு அந்த உவமை பிடிக்காது.
காட்டு யானை அப்படிப் படுத்துக் கிடப்பதில்லை.
இரவில் இரண்டு மணிநேரம் தூங்கினாலே
சில யானைகளுக்கு அது போதுமாம்.
அந்த வகையில் எனக்கு அது அக்கா.

களப்பில் முதலை
கொக்கு கூடு கட்டும் காலம் பார்த்து
மூக்கின்மேல் சுள்ளி சுமந்து மிதக்கும்,
சுள்ளி பொறுக்க வரும் கொக்கைப் பிடிக்க என்று
ஜெஸீல் சொன்னபோது சிரித்தேன்.
ஒருநாள் பாலத்தில் நின்று
சுள்ளி வைத்த மூக்கொன்றைப் பார்த்தேன்.
அன்றிலிருந்து அவன் சொல்வதில்
பாதியை நம்புகிறேன்.

எங்கள் தீவில் கொம்பன் குறைவு,
நூறு ஆண் யானைக்குப் பத்துக்கும் கீழே.
தந்தத்தில் மின்சாரம் ஏறாது என்று
வேறு நாட்டு யானைகள் கண்டுபிடித்த வித்தை
இவற்றுக்கு உதவாது.
ஆகவே காய்ந்த பாலைக் கொம்பை முறித்துக்
கம்பிமேல் போடும். துடிப்பு செத்துப்போகும்.
இல்லையென்றால் கம்பியை விட்டுக்
கட்டையில் மட்டும் பாதத்தை வைத்து,
கதவு தள்ளும் விருந்தாளி போல,
மெல்ல.

மாசி மாதம், வியாழக்கிழமை,
கருவி பூச்சியம் காட்டியது.
நாற்பத்தொன்றாம் கட்டை கிடந்தது.

ஜெஸீல் மோட்டார்சைக்கிளில் வந்தான்.
வட்டைக்குள் இறங்கிப் பார்த்தோம்.
ஒரு கதிர் சாயவில்லை.
வாழை நின்றது. சோளன் நின்றது.
அந்தோனிப்பிள்ளையின் உப்பு மூட்டைகூட
கட்டு அவிழாமல் இருந்தது.

"இஞ்ச பாருகா" என்றான்.
கட்டை காட்டுப்பக்கம் சாய்ந்திருந்தது.

அது உள்ளே வரவில்லை.
வெளியே போயிருக்கிறது.

ஈரமண்ணில் முன்பாதத் தடம் ஒன்று.
கம்பித் துண்டை வளைத்து அளந்தேன்: நாலரை அடிச் சுற்று.
அதை இரட்டித்தால் தோளுயரம்,
அனேகமாகப் பிழைக்காத கணக்கு.
ஒன்பது அடி.
எங்கள் ஓட்டுக்கூரை இறவாரத்தைவிட உயரம்.

தடத்தைப் பின்னோக்கிப் பிடித்துப் போனோம்.
பாலர் பாடசாலைத் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால்
நாணல் புதர்.
அதற்குள் மூன்று வயதில் சாணம்:
வெடித்துக் காய்ந்தது,
மேல் மட்டும் காய்ந்தது,
இன்னும் ஆவி விடுவது.

குறைந்தது நாலு நாள்.
எண்பது மீற்றர் தள்டிப் பொடியன்கள் கிரிக்கெட் ஆடினார்கள்.
சனிக்கிழமை ஒரு கலியாணம்; பட்டாசும் கொளுத்தினோம்.
லொறி அளவு உயிர் ஒன்று
எங்கள் நடுவில் நின்றபடி
ஒரு சுள்ளி முறியும் சத்தம் தரவில்லை.

நம் காதுக்கு எட்டாத அடித்தொண்டையில்
அது பேசியிருக்கலாம்.
அந்தப் பேச்சு மண்ணுக்குள்ளும் போகும்,
எட்ட நிற்கும் இன்னொன்று
உள்ளங்காலால் கேட்கும்.
அப்படியானால் இதுவும் கேட்டிருக்கும்
லொறியை, பிள்ளைகளின் ஓட்டத்தை,
கிணற்றடியில் வாளி விழுவதை,
விடியுமுன் வேலியோரம் போகும்
ஒற்றை நடையை.
இடதுகாலை நான் கொஞ்சம் இழுப்பேன்.
அதுவும் தெரிந்திருக்கும்.

பதிவேட்டில் இரண்டே கட்டம்:
உட்புகுந்தது. சேதம்.
போனதற்குக் கட்டம் இல்லை.
'கட்டை 41, மாற்றப்பட்டது' என்றெழுதி
சி. தேவமணி என்று கையெழுத்து வைத்தேன்.

புதுக்கட்டையை இறுக்கி
ஆளி போட்டதும் சொடுக் என்றது.
செருப்பைக் கழற்றிவிட்டு
மண்ணில் கொஞ்சம் நின்றேன்.
குளிர்தான் ஏறியது.

"என்னகா," என்றான் ஜெஸீல்,
"கால்ல முள்ளா?"