சமதளம்

படிகளில் அவருக்குத் தொல்லை இல்லை.
வால்பரைசோவில் பிறந்ததில்
அந்த ஒரு அதிர்ஷ்டம்.
வீட்டிலிருந்து சதுக்கத்துக்கு அறுபத்திரண்டு படி,
எண்ணிக்கொண்டே ஏறிவிடுவார்.
சமதளம்தான் எதிரி.
சமையலறை வாசலில் நிற்பார்,
பாதம் இரண்டும் தரையோடு தைத்ததுபோல,
உடம்பு மட்டும் முன்னே போகப் பார்க்கும்.

"வாங்களேன்" என்பேன்.
"வந்துகொண்டுதானே இருக்கிறேன்" என்பார்
நின்ற இடத்திலிருந்து.

*

முதலில் போனது மூக்கு.
அடுப்பில் ரொட்டி கருக,
பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.
அப்புறம் கையெழுத்து.
முப்பத்தொரு வருஷம் மலைக்கு விஞ்ச் ஓட்டியவர்,
பதிவேட்டில் தினமும் எழுதுவார்: நேரம், பயணிகள், காற்று.
கடைசி வருஷத்துப் பக்கங்களில்
வரி தொடங்கும்போது கடுகு,
முடியும்போது கசகசா.

பிறகு முகம்.
அதைத்தான் நான் சொல்லியாக வேண்டும்.

நான்கு வருஷம்
என் கதைகளுக்கெல்லாம் சுவர் மாதிரிப் பார்த்தார்.
என் தங்கை ஒதீலியா செத்த அன்றும்
அதே முகம்.
கல்நெஞ்சு என்று நினைத்தேன்.
வேறொருத்தி என்றுகூட நினைத்தேன், வெட்கக்கேடு,
சட்டைகளை மோந்து பார்த்தேன்.
தனிக்கட்டிலுக்குப் போனேன்.

கை நடுங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரி.

டாக்டர் யான்யெஸ் சின்னப் பெண்,
பல்லுக்குக் கம்பி போட்டிருந்தாள்.
மருந்துச் சீட்டின் பின்பக்கம் மூளையை வரைந்தாள்,
அடியில், ஆழத்தில், இரண்டு கறுப்புக் கீற்று,
கண்ணுக்கு மை தீட்டியதுபோல.
"இந்த மை வெளுத்துவருகிறது.
காலில் கோளாறு இல்லை, கையிலும் இல்லை.
உங்கள் விஞ்ச்சில் மணி அடித்தால்தானே
பெட்டி கிளம்பும்? அந்த மணி."

"முகத்துக்கும் அதே மணியா?"
"முகமும் தசைதானே, அம்மா.
உள்ளே சிரித்திருப்பார்.
வெளியே வந்து சேர்ந்திருக்காது."

நடையின் பெஞ்சில் மீன்காரி ரொசெந்தா
பாதி முகத்தால் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.
சீருடையில் ஒரு சிறுமி
வாக்கியத்தின் நடுவில் எட்டு நொடி காணாமல் போய்
விட்ட சொல்லிலேயே திரும்பி வந்தாள்.
யாரும் யாரையும் என்னவென்று கேட்கவில்லை.
நான் அழுதேன்.
அவர் பையிலிருந்து கைக்குட்டையை எடுக்க
மூன்று நிமிஷம் ஆயிற்று.
காத்திருந்தேன்.

*

நான் தையல்காரி,
வீட்டில் சாக்குக்கட்டிக்குப் பஞ்சமில்லை.
கோடு தெரிந்தால் தாண்டுவார் என்றாள் டாக்டர்.
சமையலறை முதல் குளியலறை வரை
அடிக்கொன்றாக நீலக் கோடு போட்டேன்.
தாண்டினார்.
ஏன் என்று எனக்கு முழுசாகப் புரியவில்லை,
தனக்கும் பாதிதான் புரியும் என்று அவளே சொன்னாள்.
மாத்திரை ஏழுக்கு, பதினொன்றுக்கு, மூன்றுக்கு, ஏழுக்கு.
கறி தின்றால் மாத்திரை வேலைக்குத் தாமதமாக வரும்.
இதெல்லாம் தெரியும் எனக்கு.
தெரிந்தும் சில நாள் கத்திவிடுகிறேன்.

*

மே மாதம் ஒரு ராத்திரி நிலம் ஆடியது.
அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று பேசின,
விளக்கு போனது,
யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

பால்தோமேரோ.

கோட்டையும் பார்க்காமல், கும்மிருட்டில்,
கூடம், வாசல், அறுபத்திரண்டு படி,
எண்ணாமல் ஓடினார்,
செருப்பில்லாமல் நான் பின்னால்.
மலையே நடுங்கியது.
என் கைக்குள் அவர் கை நடுங்கவில்லை.

சதுக்கத்தில் நிலம் அடங்கியது.
அவரும் அடங்கினார்,
கடைசிப் படிக்கும் கல்தரைக்கும் நடுவில்.

"இப்போதுதானே ஓடினார், நடிக்கிறாரா?" என்றான்
புதிதாகக் குடிவந்த பையன்.
என்னுடைய கேள்விதான் அது,
நான்கு வருஷம் வைத்திருந்தேன்.

பதில் சொல்லவில்லை. நைட்டிப் பையில் துழாவினேன்.
மண்டியிட்டு
அவர் பாதத்துக்கு முன்னால் ஒரு கோடு இழுத்தேன்.
பையன் என்ன நினைத்தானோ,
போன் வெளிச்சத்தைத் தரையில் பிடித்தான்.

பெஞ்சு வரை பதினாறு கோடு வேண்டும்.
பதினைந்தில் கட்டி தீர்ந்துபோனது.

கடைசிக்கு என் வெறுங்காலை நீட்டினேன்.
தாண்டினார்.