வருஷ வாடகைக்கு ஒரு பெயர்

மஞ்சக்குப்பத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே
ஒரு மேசை, இரண்டு நாற்காலி, நான்.
படியேறி வந்த அஞ்சலாட்சி
மூச்சு வாங்கியபடி கேட்டாள்:
"இன்டர்நெட்ல ஒரு எடம் வேணும். என்ன வெல?"

விலைக்கு இல்லை, வாடகைதான் என்றேன்.
இடத்துக்கு ஒன்று, பெயருக்கு ஒன்று.
"பேருக்கு வாடகையா?
எங்கப்பா எனக்குச் சும்மாதான வச்சாரு."

டொமைன் என்றேன், ஹோஸ்டிங் என்றேன்.
சர்வர் என்று ஆரம்பித்து
வாயை மூடிக்கொண்டேன்.
அவள் முகம் பந்த் அன்று கடைத்தெரு.

மறுநாள் துறைமுகத்துக்கு நானே போனேன்.
உப்பனாற்று ஓரம், மஞ்சள் கேட், அவள் ஐஸ் கம்பெனி.
உப்புத்தண்ணித் தொட்டிக்குள்
வரிசையாய் உறைந்துகொண்டிருந்தன தகர டின்கள்.
அம்மோனியா கண்ணைக் கரித்தது.
கம்ப்ரசர் நிற்கவே இல்லை.

இதுதான் சர்வர், என்றேன்.
எங்கோ ஒரு கட்டடத்தில் தூங்காத எந்திரம்,
எந்நேரமும் குளிர், எந்நேரமும் கரண்ட்.
அதில் ஒரு டின் உங்களுக்கு. அதுதான் ஹோஸ்டிங்.
உங்கள் படம், விலை, போன் நம்பர் அதற்குள் கிடக்கும்.
கேட்டவருக்கெல்லாம் நகல் எடுத்துக் கொடுக்கும்.
"குடுத்தா கொறையாதா?"
குறையாது.
"கொடுத்துவச்ச யாவாரம்" என்று
தொட்டி விளிம்பைத் தட்டினாள்.

கேரளத்து லாரிக்காரன் வழி கேட்பது
முனை டீக்கடை ஹமீது சுல்தானிடம்.
அவரிடம் ஐஸ் கிடையாது.
பெயரைச் சொன்னால் கதவு எண்ணைச் சொல்வார்.
டிஎன்எஸ் என்பது அவர்தான், என்றேன்.
"ஷெட்ட இங்க மாத்துனப்ப
ரெண்டு நாளு பழைய எடத்துக்கே ஆளனுப்புனாரு அந்த மனுஷன்."
சர்வரை மாற்றினாலும் அதேதான் நடக்கும்.
அதே ரெண்டு நாள்.

பேண்ட்வித்துக்கு நான் கேட்டைக் காட்டினேன்:
ஒரே நேரத்தில் எத்தனை வண்டி நுழையும்?
"தடைக்காலம் முடியிற ராத்திரி வந்து பாரு.
எல்லாப் போட்டும் ஒரே நேரத்துல ஐஸ் கேக்கும்.
கேட்டப் பேத்தெடுத்தாலும் பத்தாது."
அந்த மாதிரி ராத்திரியில்தான்
வெப்சைட் படுத்துவிடும், என்றேன்.

சோனங்குப்பம் பெட்டிக்கடையில்
தெர்மாகோல் பெட்டிக்குள் அவள் ஐஸ் கொஞ்சம் இருக்கும்.
பக்கத்திலேயே கிடைக்கும். ஆனால் நேற்றையது.
கேஷ் என்றேன்.
"காசா?"
இல்லை, கேஷ்.
"காசும் நேத்தையதுதான், இன்னும் வரல."

நானூற்று நாலுக்கு அவளே உதாரணம் சொன்னாள்:
கேட் திறந்திருக்கு, ஆளும் இருக்கான்,
கேட்ட பார் மட்டும் இல்ல.

கிளம்பும்போது நிறுத்தினாள்.
"தானே மாதிரி ஒண்ணு வந்தா?"
அந்தப் புயலுக்குப் பிறகு எத்தனை நாள் கரண்ட் இல்லையோ
அத்தனை நாளும் அவள் முதல்
சொட்டுச் சொட்டாய் ஆற்றுக்கே போயிருக்கிறது.
பேக்கப் உண்டு, என்றேன்.
இன்னொரு நகல், வேறு ஊரில், வேறு கூரைக்குக் கீழே.
கம்ப்ரசர் சத்தத்தில்
அவள் சொன்னது கேட்கவில்லை.
கேட்டதாகத் தலையாட்டினேன்.

ஒரு வருஷம் ஓடியது.
புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்களெல்லாம்
அவள் மகனின் பழைய மெயிலுக்குப் போயிருந்தன.
துபாய் போனதிலிருந்து
அவன் அதைத் திறக்கவே இல்லை.
ஒரு காலையில், அவள் பெயரைத் தட்டினால்
யாரோ வழுக்கைக்கு எண்ணெய் விற்றார்கள்.

படியேறி வந்தாள். திட்டவில்லை.
"உருகிடுச்சா?"
இல்லை. சரக்கு அப்படியே இருக்கிறது.
பெயர்தான் போய்விட்டது.
"பேரு போனா
ஹமீது பாய் யாருக்குன்னு வழி சொல்லுவாரு?"

அபராதத்தோடு மீட்க இன்னும் பதினோரு நாள் இருந்தது.
நோட்டுகள் ஈரமாக இருந்தன, மீன் வாசனையோடு.
எண்ணி வாங்கினேன்.

போன வாரம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன்.
தொட்டிச் சுவரில், 'புகை பிடிக்காதீர்'க்குக் கீழே,
கேட்டுக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயிண்டில்,
முழ உயர எழுத்தில்:

பேருக்கு வாடகை – மார்ச் 9.