ஐந்தாம் நம்பர்

ஆயிரத்து எண்ணூறு.
அதற்குமேல் ஒரு ரூபாய் கிடையாது என்று
யானைக்கல் பாலம் ஏறும்போதே
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
பஸ் இரைச்சலில்
எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

கம்பு இருக்கிறது. ஒன்பதடி, ஐந்தாம் நம்பர்,
ஆறு தவணையில் வாங்கியது.
நூலும் இருக்கிறது, வேப்பம்பழ நிறத்தில்.
நூலைச் சுற்றி வைக்கத்தான் ஒன்றுமில்லை.
பால்டப்பாவில் சுற்றி எத்தனை நாள் ஓட்டுவது.

மீராசா கண்ணாடிமேல் மூன்றை எடுத்து வைத்தார்.
முதலாவது தங்க நிறம்.
பதினோரு பேரிங் என்று அட்டை சொன்னது.
நான் சிம்மக்கல்லில் பதினெட்டு வருஷமாய்
மோட்டார் காயில் சுற்றுகிறவள்.
அட்டையில் யாரும் எதையும் எழுதலாம்.
காதோரம் வைத்துச் சுழற்றினேன்:
கிரைண்டரில் புளியங்கொட்டை விழுந்த சத்தம்.

"இதுதாம்மா ஜாஸ்தி போகுது."
"திரும்பி வர்றதும் இதுதானா?"
அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு
டீ சொன்னார்.

இரண்டாவது நாலாயிரத்துச் சொச்சம்.
அதைத் தொடவில்லை.
பொய். தொட்டேன்.
விரலால் தட்டிவிட்டால்
நிற்க மனமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.
என் வீட்டு வாடகை அது.
நின்ற பிறகுதான் கையை எடுத்தேன்.

மூன்றாவது கறுப்பு.
கொடைக்கானல்காரர் ஒருவர் சொல்லிவைத்து
வாங்க வராமல் போனது.
விளிம்பில் ஒரு கீறல், உள்ளே இரண்டு வருஷத் தூசி.
பல்சக்கரம் எதுவும் இல்லை.
ஒரு வட்டு, ஒரு அச்சு, பின்னால் ஒரு திருகு.
ஸ்க்ரூ டிரைவர் கேட்டேன்.
மூடியைத் திறக்க அவருக்குச் சம்மதமில்லை,
ஆனால் டிரைவரை நீட்டிவிட்டார்.

உள்ளே ஒரு கார்க் வட்டம்,
ஒரு ஸ்பிரிங், நாக்குப்போல ஒரு பித்தளைத் துண்டு.
கெட்டுப்போக மூன்றே இடம்.
மூன்றும் எனக்குக் கை போகிற இடம்.
ஸ்பிரிங் போனால் பழைய டேபிள் ஃபேனில் கிடைக்கும்.
கார்க் தேய்ந்தால் வெட்டிக்கொள்வேன்.

நூல்முனையை அவர் ஸ்கூட்டரில் கட்டி
கடைப்பையன் அமீனை
மெதுவாகத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னேன்.
இழுக்க இழுக்கக் கொடுத்தது,
வெட்டாமல், திக்காமல்,
கடன் கேட்டால் முகம் மாறாத ஆள்போல.
சீயக்காய் மூட்டைக்காரர் ஒருவர்
நடுத்தெருவில் நூலுக்கு அடியே குனிந்து
ஒன்றும் கேட்காமல் போனார்.

ஆயிரத்து அறுநூறு என்றார்.
கீறலைக் காட்டினேன்.
ஐம்பது குறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை, நிலையூர் கண்மாய்.
சேவலின் கழுத்து இறகை
மோட்டாரில் மிஞ்சிய செம்புக் கம்பியால்
கொக்கியில் கட்டிய ஈ.
முதல் ஒரு மணி நேரம்
கருவேலமுள்ளைத்தான் பிடித்தேன்.

அப்புறம் ஒச்சப்பன் வந்தார்,
மீன்பாசி ஏலம் எடுத்தவரின் ஆள்.
"யாரைக் கேட்டு இங்கே..."
என்று அவர் ஆரம்பிக்கவும்
ரீல் கத்தியது.
அவர் வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது.
இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்தோம்.
திருகை ஒரு கால் சுற்று இறுக்கினேன்.
போனது, நின்றது, மறுபடி போனது.

"எவ்வளவு?" என்றார்.
"ஆயிரத்து ஐந்நூற்றைம்பது."
"மீனக் கேட்டேன் தாயி."

முக்கால் கிலோ ஜிலேபி.
அதை அவர் எடுத்துக்கொண்டார், அது நியாயம்.
ரீலையும் ஒருமுறை வாங்கிக்
காதில் வைத்துச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தந்தார்.

ஈர நூலைத் துணியால் பிடித்துச் சுற்றினேன்,
எண்ணிக்கொண்டே.
தொழில் புத்தி.
காயிலில் ஒரு சுற்று தப்பினால்
மொத்தமும் அவிழ்க்க வேண்டும்.
அறுபத்திரண்டில்
நீர்க்காகம் ஒன்று முங்கியது.
எங்கே எழும் என்று பார்த்திருந்ததில்
கணக்கு விட்டுப்போனது.

கை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.